விடியாவும் நீலச் சீவலும்: கோவில்பட்டிப் பட்டறையிலிருந்து ஒரு வரலாறு

லேத்துப் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனை முதல் வாரத்தில் எல்லோரும் கொஞ்சம் ஓட்டுவார்கள். யாராவது ஒருத்தர் "டேய், அந்த விடியாவை எடுத்துட்டு வா" என்பார். பையன் முழிப்பான். "விடியா மூஞ்சி, அந்தா மேசை மேல இருக்குல்ல" என்று இன்னொருத்தர் சொல்ல, பட்டறையே சிரிக்கும். 1990களின் கடைசியில், டிப்ளமோ படித்துக்கொண்டே கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் வேலை பழகியபோது நானும் அப்படித்தான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டேன்.

விடியா என்றால் லேத்து டூலின் முனையில் பித்தளை வைத்துப் பற்றவைத்த சாம்பல் நிறத் துண்டு. சுவரில் ஓட்டை போடும் டிரில் பிட்டின் நுனியில் இருப்பதும் அதுதான். கார்பைடு என்று புத்தகம் சொல்வதைத் தமிழ்நாட்டுப் பட்டறைகள் இன்னும் விடியா என்றே சொல்கின்றன. அது தமிழ்ச் சொல் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் தேயாது, அதனால் அதுக்குப் 'பொழுது விடியவே விடியாது' என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் வைத்திருந்தேன்.

அது ஒரு ஜெர்மன் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர் என்று பிறகு தெரிந்தது. அதைத் தேடிப் போனபோதுதான், நான் ஒரு பெரிய மனுஷனிடம் தவறாக நடந்துகொண்ட கதைக்கும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கேள்விக்கும் தொடர்பு இருப்பது புரிந்தது. இரும்பை வெட்டும்போது பிறக்கும் சூடு எங்கே போகிறது என்பதே அந்தக் கேள்வி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பஞ்சு, தீக்குச்சி, பட்டறை

கரிசக்காட்டில் இரும்பு வேலை எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். பஞ்சோடு வந்தது என்பேன். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் ஓடத் தொடங்கியது. கோவில்பட்டி அந்தப் பாதையில் இருக்கிறது. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல். 1891-ல் லாயல் மில், பிறகு லட்சுமி மில் என்று நூற்பாலைகள் வந்தன. 1901-ல் இங்கே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியதற்கும் இந்த மண்ணும் பருத்தியுமே காரணம்.

மில் இருந்தால் அதற்குள் ஒரு மராமத்துப் பட்டறை இருந்தாக வேண்டும். பல்சக்கரம் உடையும், தண்டு தேயும். ஒவ்வொன்றுக்கும் வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டுக் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது. லேத்து, ஷேப்பர், மில்லிங் மெஷின் எல்லாம் ஊருக்குள் வந்தது அந்த வழியாகத்தான். மில்லில் தொழில் பழகியவர்கள் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்கள்.

இரண்டாவது வழி தீப்பெட்டி. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது. மழை குறைந்த ஊர். குச்சியும் மருந்தும் வெயிலில் காயும். பல வருஷம் கைவேலையாகவே இருந்த தொழில், பிறகு மெஷினுக்கு மாறியது. முழு தானியங்கி மெஷினில் வரிசையாக ஓட்டை போட்ட உலோகத் தகடுகள் சங்கிலி மாதிரி ஓடும். ஓட்டைக்கு ஒரு குச்சி. ஓட்டை கொஞ்சம் தள்ளியிருந்தாலும் குச்சி முறியும். அந்த மெஷின்களுக்கு உதிரிப் பாகம் செய்வதுதான் எங்களை மாதிரி சின்னப் பட்டறைகளுக்குச் சோறு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஊர் ஊருக்குக் கொல்லர் இருந்தார். கரிசல் காய்ந்துவிட்டால் கல் மாதிரி. ஏர்க்கொழு சீக்கிரம் மழுங்கும். கொல்லர் அதைக் காய்ச்சித் தட்டி, தோய்ச்சல் போட்டுக் கொடுப்பார். மெருகான இரும்பைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம் என்று நிறம் ஏறும். எந்த நிறத்தில் தண்ணீரில் முக்க வேண்டும் என்பதுதான் அவருடைய படிப்பு. நீலம் வரை விட்டால் முனை இளகிவிடும். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் 300 டிகிரி செல்சியஸ் என்று இன்றைக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாமல் கண்ணாலேயே அளந்தவர்கள் அவர்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி அப்படியொரு கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஒரு மில்லின் மராமத்துப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லிங் மெஷின் பக்கத்தில் நின்று அவர் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான்: "சீவல் நிறத்தைப் பாருடா. வெள்ளையா விழணும். நீலம் தட்டிச்சுன்னா கட்டர் போச்சு."

பாரிஸில் விழுந்த நீலம்

அண்ணாச்சியின் பாடம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 19-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். அப்போதைய வெட்டுக்கருவிகள் கார்பன் எஃகு. கொல்லரின் கொழுவுக்கு நெருங்கிய சொந்தம். 250 டிகிரி தாண்டினால் கடினத்தை இழக்கும். ஆகவே மெதுவாக வெட்டு, தண்ணீர் விடு, சூடு ஏறவிடாதே என்பது எல்லா ஊர்ப் பட்டறைக்கும் பொதுவிதி.

அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மாஞ்செல் ஒயிட்டும் 1898-ஐ ஒட்டி இந்த விதியை உடைத்தார்கள். டங்ஸ்டன் கலந்த எஃகை, கெட்டுப்போகும் என்று எல்லோரும் பயந்த அளவுக்கு, உருகுநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காய்ச்சினார்கள். கெடவில்லை. செந்தணலாகச் சிவந்தாலும் கூர்மை போகாத கருவி கிடைத்தது. ஹைஸ்பீடு ஸ்டீல், நம் பட்டறை மொழியில் 'ஹெச்எஸ்எஸ்', பிறந்தது அங்கேதான். 1900 பாரிஸ் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டினார்கள். டூல் முனை சிவந்திருக்க, நீல நிறத்தில் சீவல் சுருண்டு விழுந்ததைப் பார்த்து ஐரோப்பியத் தொழிலாளர்கள் வாயடைத்து நின்றார்களாம். அவர்களும் நீலம் என்றால் நாசம் என்று பழகியவர்கள்தானே.

டெய்லர் 1906-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் தன் ஆராய்ச்சியை வெளியிட்டார். 26 வருஷம், முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் சோதனை, எட்டு லட்சம் ராத்தல் எஃகைச் சீவலாக்கியது என்று அதில் கணக்குச் சொல்கிறார். அத்தனை எஃகையும் ஒரு கேள்விக்காகத்தான் சீவினார்: எவ்வளவு வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் வெட்டினால் கருவி எவ்வளவு நேரம் தாங்கும்? டெய்லரின் தொழிலாளர் மேலாண்மை பற்றி எனக்கு நிறைய வருத்தம் உண்டு. மனுஷனின் கைப்பக்குவத்தை எடுத்து அட்டையில் எழுதி முதலாளி கையில் கொடுத்தவர் அவர். ஆனால் சூட்டைப் பற்றி அவரைப் போலப் பொறுமையாக உட்கார்ந்து அளந்தவர் அதற்கு முன் யாரும் இல்லை.

லேத்தில் கட்டை விரல் தடிமனுள்ள டூல் நீலச் சீவலைத் தாங்கும். மில்லிங்கில் ஓடும் பத்து மில்லிமீட்டர் எண்ட்மில் தாங்காது. அதன் பல் மெல்லியது, சூடு வடிய இடமில்லை. அதனால் ஹெச்எஸ்எஸ் வந்தபிறகும் மில்லிங் மெஷினில் பழைய விதி அப்படியே நின்றது: மெதுவாக ஓட்டு, பால் நிறக் கூலண்டை ஊற்று, நீலம் வராமல் பார்த்துக்கொள். அண்ணாச்சி கற்றதும் எனக்குக் கற்பித்ததும் இதுதான். அவருடைய கருவிக்கு அது சரியான விதி.

பல்புக்காகப் பிறந்தது

இனி விடியா. முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியில் ஓஸ்ராம் என்ற பல்பு கம்பெனிக்கு ஒரு தலைவலி. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையை மெல்லிய ஓட்டை வழியாக இழுத்துத்தான் செய்ய வேண்டும். அந்த ஓட்டை வைரத்தில் போட்டிருந்தது. வைரம் விலை அதிகம். அதற்கு மாற்றுத் தேடிய கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு பொடியோடு கோபால்ட் பொடியைக் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டெடுத்தார். 1923-ல் காப்புரிமை. கடினமான மணிகளைக் கோபால்ட் பசை மாதிரிப் பிடித்துக்கொள்கிறது.

உரிமையை க்ரூப் கம்பெனி வாங்கி, 1926-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வைத்த பெயர் விடியா. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்ற இரண்டு சொற்களின் சுருக்கம். என் 'பொழுது விடியாத' விளக்கம் அன்றைக்கே செத்தது.

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி க்ரூப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இதையே 1928-லிருந்து விற்றது. விலை ஒரு ராத்தலுக்கு 453 டாலர் வரை ஏறியது. அன்றைக்குத் தங்கம் ட்ராய் அவுன்ஸ் 20.67 டாலர். கணக்குப் போட்டால் ஒரு ராத்தல் தங்கம் 301 டாலர்தான். தங்கத்தைவிட ஒன்றரை மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார்கள். போட்டியை ஒழித்து விலையைப் பிடித்து வைத்த குற்றத்துக்காக 1948-ல் அமெரிக்க நீதிமன்றம் அந்தக் கம்பெனியைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. நல்ல கருவி ஏழைப் பட்டறைக்கு ஏன் தாமதமாக வருகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த விலைதான் நினைவுக்கு வரும்.

இந்தியாவில் 1953-ல் பெங்களூரில் ஹெச்எம்டி வந்தது. 1964-ல் அதே ஊரில் விடியா இந்தியா கம்பெனி. பட்டறைப் பேச்சில் அந்தப் பெயர் ஊன்றிவிட்டது. 2002-ல் கென்னமெட்டல் விடியாவை வாங்கிய பிறகும் பெயர் போகவில்லை. நாங்கள் வாங்கும் எஃகுக்கும் இதே கதைதான். 'இஎன் 8', 'இஎன் 24' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் பட்டியல். பிரிட்டன்காரனே அந்தப் பெயர்களைக் கைவிட்டு நாளாகிறது.

கார்பைடு எங்களுக்கு முதலில் லேத்து டூலாக மட்டுமே வந்தது, மில்லிங்குக்கு வரவில்லை. அதற்கு விலை மட்டும் காரணமில்லை. லேத்தில் வெட்டு தொடர்ச்சியாக நடக்கும். மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் அடித்து அடித்து உள்ளே போய் வெளியே வரும். கார்பைடு தேய்மானத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. கண்ணாடி மாதிரி. ஆட்டமுள்ள மெஷினில் அது ஒரு சுற்றில் சில்லு பெயரும்.

இன்னொரு காரணம் வேகம். பத்து மில்லிமீட்டர் கார்பைடு எண்ட்மில் எஃகை நிமிஷத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்துக்கு ஸ்பிண்டில் ஏறக்குறைய 4,775 சுற்று சுற்ற வேண்டும். எங்களிடம் இருந்த பழைய மில்லிங் மெஷின் 1,800-ஐத் தாண்டாது. கார்பைடு வாங்கினாலும் அதன் வேகத்தில் ஓட்ட முடியாது. ஹெச்எஸ்எஸ் எண்ட்மிலுக்கு 25 மீட்டர், 800 சுற்று. அது அந்த மெஷினுக்குள் அழகாக அடங்கியது. மெஷினும் கருவியும் விதியும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருந்த உலகம் அது.

சாலமன் வரைந்த கோடு

விடியாவை விற்ற அதே க்ரூப் கம்பெனியில் கார்ல் சாலமன் என்பவர் 1920களில் மில்லிங் கட்டர்களை வெறித்தனமான வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். அலுமினியத்தில் நிமிஷத்துக்கு 16,500 மீட்டர் வரை. 1931-ல் காப்புரிமை பதிவானது. வேகம் கூடக் கூடச் சூடு ஏறும், ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும் என்பது அவர் சொன்னது. அந்த இறங்கும் இடத்துக்குப் போய்விட்டால் சாதாரணக் கருவியே எஃகை மின்னல் வேகத்தில் வெட்டும் என்று ஆசை காட்டியது அந்தக் கோடு.

அவருடைய சோதனைக் குறிப்புகளில் பெரும்பகுதி போரில் அழிந்துபோனது. எஃகுக்கு அவர் போட்ட கோடு, மற்ற உலோகங்களில் கண்டதை வைத்து நீட்டிய ஊகம். பிற்காலத்தில் அளந்து பார்த்தவர்களுக்கு எஃகில் அந்தச் சரிவு கிடைக்கவில்லை. வெட்டு முனையில் சூடு ஏறிக்கொண்டே போய் ஓரளவுக்கு மேல் ஏறாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தவறான கோடு நல்ல தேடலைத் தூண்டிவிட்டது. 1980களில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஷூல்ஸ் குழுவினர் அதிவேக மில்லிங்கை முறையாக ஆராய்ந்தார்கள். இப்படித் தேடியவர்கள் கண்டது: வேகமாக வெட்டும்போது சூடு குறைவதில்லை, போகும் இடம் மாறுகிறது. வெட்டும் இடத்தில் பிறந்த சூடு வேலைத்துண்டுக்குள் இறங்க நேரம் கிடைப்பதற்குள் சீவல் அதைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறது. சூட்டின் பெரும்பகுதி சீவலோடு போகிறது. துண்டு கைபொறுக்கும் சூட்டில் இருக்கிறது. சீவல் மட்டும் நீலம்.

இதே காலத்தில் கருவியும் மாறியது. கார்பைடு மணிகளை மிக நுண்ணியதாக்கி அடி தாங்கும்படி செய்தார்கள். மேலே டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு வந்தது. அந்தக் கருநிறப் பூச்சு சூட்டில் தன் மேல் ஒரு அலுமினிய ஆக்சைடு தோலை உண்டாக்கிக்கொண்டு முனையைக் காக்கிறது. அதற்குச் சூடு பகையே இல்லை.

மூன்று எண்ட்மில்

2011-ல் கடன் வாங்கி, ஒரு பழைய விஎம்சி மெஷின் எடுத்துச் சொந்தமாகப் பட்டறை போட்டேன். ஸ்பிண்டில் 8,000 சுற்று. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "கம்ப்யூட்டர் மெஷின்ல எனக்கு என்ன தம்பி வேலை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மெஷினுக்கு அஸ்திவாரம் போடும்போதே அவர் ஒன்று சொன்னார். "கரிசலை நம்பாத. ஆறடி தோண்டி எடுத்துட்டு சரள் போடு. இந்த மண்ணு மூச்சு விடும்." உண்மைதான். கரிசல் மண்ணின் களி மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். வெடிப்பில் மாட்டின் கால் சிக்கும். நான் காசு மிச்சம் பார்த்து மூன்றடியோடு நிறுத்திக் கான்கிரீட் போட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் தீப்பெட்டி மெஷினுக்கு இஎன் 24 எஃகில் வழிகாட்டித் தகடுகள் செய்யும் வேலை வந்தது. நல்ல வேலை. முடித்துக் கொடுத்தால் ஆறு மாதக் கடன் தவணை அடையும். பத்து மில்லிமீட்டர் கார்பைடு எண்ட்மில் வாங்கி, எனக்குத் தெரிந்தபடி ஓட்டினேன். மெதுவான சுற்று, முழு அகலமும் பதியும் காடி, மேலே கூலண்ட். காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் மூன்று எண்ட்மில் போனது. ஒவ்வொன்றும் அன்றைக்கு இரண்டு ஆள் சம்பளம்.

ராத்திரி உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் செய்தது அத்தனையும் தலைகீழ் என்று தெரிந்தது. சூடான கார்பைடு பல் ஒவ்வொரு சுற்றிலும் கூலண்டில் நனைந்தால் கொதிக்கும் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றின கதைதான். விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வெடிப்பு விழும். காற்று அடித்தால் போதும், அதுவும் சீவலை விலக்க. சீவல் உள்ளேயே கிடந்து திரும்ப வெட்டுப்பட்டால் அதுவே முனையை உடைக்கும்.

முக்கியமானது வெட்டின் அகலம். முழு அகலக் காடியில் ஒரு பல் சுற்றில் பாதி நேரம் இரும்புக்குள் இருக்கிறது. அகலத்தைப் பத்தில் ஒன்றாக, ஒரு மில்லிமீட்டராகக் குறைத்தால் சுற்றில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே. மிச்ச நேரம் காற்றில் ஆறுகிறது. ஆழத்தை மட்டும் பத்து மில்லிமீட்டர் தாராளமாகக் கொடுக்கலாம். அப்போது தேய்மானம் நுனியில் மட்டும் விழாமல் பல்லின் நீளம் முழுக்கப் பரவும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அகலம் குறைந்தால் சீவலும் மெலிகிறது. பல்லுக்கு 0.05 மில்லிமீட்டர் என்று ஃபீடு கொடுத்தால் உண்மையில் வெட்டுவது 0.03 கனம்தான். அவ்வளவு மெல்லிய சீவலில் முனை வெட்டாமல் உரசும், உரசல் வெறும் சூடு. ஆகவே ஃபீடை 0.083-க்கு ஏற்ற வேண்டும். நாலு பல், 4,775 சுற்று என்றால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,590 மில்லிமீட்டர். சீவல் தடிப்பாகத் தொடங்கி மெல்லியதாக முடியும்படி கட்டரைச் சுற்றின் போக்கிலேயே நடத்த வேண்டும். மூலையில் சட்டென்று திருப்பாமல் வளைத்துக் கொண்டுபோக வேண்டும். மூலையில் அகலம் திடீரென்று கூடும், கட்டர் அங்கேதான் முறியும்.

மறுநாள் அப்படியே புரோகிராம் போட்டு, கூலண்டை மூடி, காற்றைத் திறந்தேன். மெஷின் ஒரு சீரான சத்தத்தில் ஓடியது. சீவல் நீலமாகப் பறந்தது. தீப்பொறிகூட ஒன்றிரண்டு.

அண்ணாச்சி ஓடிவந்தார். "கருகுது தம்பி, கருகுது!" என்று சிவப்பு பட்டனை அடித்துவிட்டார். வெட்டுக்குள் நின்றுபோன எண்ட்மில் முறிந்தது. நான்காவது.

மின்வெட்டில் வெட்டு நடுவில் நின்று எண்ட்மில் முறிவது அந்த 2012-ல் எங்களுக்குப் பழக்கம்தான். ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வருஷம் அது. கரண்ட்டைத் திட்ட முடியாது. எதிரே நின்ற மனுஷனைத் திட்ட முடிந்தது. பையன்கள் எல்லோரும் பார்க்க, "உங்க காலத்து வேலையை எல்லாம் இங்க காட்டாதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மறுநாள் வரவில்லை.

ஐந்தாவது எண்ட்மிலில் அந்தத் தகடுகள் எல்லாம் முடிந்தன. வேலையைக் குறித்த நாளில் கொடுத்தேன். தவணையும் கட்டினேன்.

தொட்டுப் பார்த்தியா

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கையில் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட், சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த நீலச் சீவல். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் சீவலை எடுத்து நீட்டினேன். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார்.

"கட்டர்?"

"அப்படியே இருக்கு அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "வேலைத்துண்டைத் தொட்டுப் பார்த்தியா? சுட்டுச்சா?"

"இல்ல. லேசான வெதுவெதுப்புதான்."

"அப்போ சூடெல்லாம் இதுலயே போயிடுச்சு" என்று சீவலைக் காகிதத்தில் திரும்ப மடித்தார்.

நான் ராத்திரி முழுக்கப் படித்து அடைந்த இடத்துக்கு அவர் ஒரு கேள்வியில் வந்துவிட்டார். சாலமன் தவறாகக் கோடு போட்டதும், டார்ம்ஸ்டட்டில் அளந்து பார்த்ததும் இந்தக் கேள்வியைத்தான். உலையடியில் வளர்ந்தவருக்கு, நிறம் என்பது சூடு இருக்கும் இடத்தின் அடையாளம் என்று தெரியும். அவர் கற்ற விதி நீலத்துக்கு எதிரான விதி இல்லை, கட்டரில் சூடு தங்கக் கூடாது என்கிற விதி. அவருடைய கருவியில் சீவல் நீலமானால் கட்டரும் நீலமாகியிருக்கும். என்னுடையதில் அப்படி இல்லை. காரணத்தைச் சொல்லி ஒரு தடவை அவரிடம் காட்டியிருந்தால் அன்றைக்குப் பட்டனை அடித்திருக்க மாட்டார். நான் சொல்லவில்லை. எனக்கே முந்தின ராத்திரிதான் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அவர் திரும்பி வேலைக்கு வரவில்லை. "கண்ணு தெரியல தம்பி" என்றார். சீவலின் நீலத்தை அவ்வளவு நேரம் பார்த்த கண்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகையில் மெஷின் முனகத் தொடங்கியது. அதே புரோகிராம், அதே எண்ட்மில், வெட்டின பரப்பில் மட்டும் அலை அலையாகக் கோடு. லெவல் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை தூக்கியிருந்தது. மண் மூச்சு விட்டிருந்தது. மெஷினை இறக்கி, ஆறடி தோண்டி, கரிசலை அள்ளிப் போட்டுவிட்டுச் சரள் நிரப்பினேன். மூன்று வாரம் வேலை நின்றது.

இப்போது எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதுப் பையனை விடியா என்று ஓட்டுவதெல்லாம் இருக்கட்டும், அது பாட்டுக்கு நடக்கும். அதற்குப் பிறகு, முதல் தடவை கார்பைடு ஓட்டும்போது அவன் பக்கத்தில் நின்று, வெட்டு முடிந்து ஸ்பிண்டில் நின்றதும் துண்டைத் தொடச் சொல்வேன். பயந்துகொண்டே தொடுவான். சுடாது. ஏன் சுடவில்லை என்று கேட்பேன். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, தரையில் கிடக்கும் நீலத்தைக் காட்டி அண்ணாச்சி கதையைச் சொல்வேன். கத்தின பகுதியையும் சேர்த்தே சொல்வேன்.